வரிசையின் முதல் வாளி

செல்லாயி ரப்பர் பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று காட்டிக்கொடுத்தது நவமணியின் கணக்குதான். ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நவமணிக்கு வேலை. மரம் சீவும் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் சேர்த்து, கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு, எவ்வளவு கெட்டி என்று எழுத வேண்டும். ரப்பர் தண்ணீரைவிட லேசு; பால் கெட்டியானால் மீட்டர் அமிழும், நீர்த்தால் எழும்பும். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய செல்லாயி கொண்டுவந்த பால் மூன்று வாரமாக நீர்த்தே இருந்தது. திங்கட்கிழமை அவள் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு நிறுத்திவிடுவதாகத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி சின்னையா சொல்லிவிட்டார்.

அது 1981. ஞாயிற்றுக்கிழமை ஈப்போ நூலகத்தில் நவமணி ஓர் அறிவியல் பத்திரிகையைப் புரட்டினாள். ஒரு கடிகாரத்தை ராக்கெட்டில் ஏற்றிப் பத்தாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேலே போகப் போக நேரமே வேகமாக ஓடுமாம். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தத் துளி வித்தியாசத்தை ராக்கெட்டின் ஓட்டம் மூடி மறைத்துவிடும் என்பதால், கீழிருந்து ஒரு சிக்னலை மேலே அனுப்பித் திரும்ப வாங்கி, ஓட்டத்தால் வந்த பிசகைத் தனியே அளந்து கழித்தார்களாம். பறந்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை. கணக்குப் பார்க்க வருஷங்கள். எப்பேர்ப்பட்ட மனிதர்கள். நாம் அந்தப் பால் மீட்டரை ஒரு நாளாவது சந்தேகப்பட்டோமா என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் செல்லாயி வழக்கம்போல் முதல் ஆளாக ஓடி வந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவள் பிள்ளை பசியில் கிடக்கும். நவமணி அளந்தாள். நீர்த்த பால்தான். வாளியிலிருந்து தண்ணீர் சேர்க்காத பால் ஒரு குவளை எடுத்துவைத்து, வெயில் ஏறி எல்லாரும் போனபின் தண்ணீர் சேர்த்து மறுபடி அளந்தாள். கெட்டிப் பால்.

அளப்பதற்காக நவமணி சேர்க்கும் தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்ததும் ஜில்லென்றிருக்கும்; வெயில் ஏற ஏறச் சூடாகும். குளிர்ச்சியில் மீட்டர் எழும்பி நின்று பொய் சொல்லியிருக்கிறது. ராக்கெட் கடிகாரத்துக்குப் பொருந்தியது இந்தத் தகரக் கொட்டகைக்கும் பொருந்துகிறதே என்று அவள் மலைத்துப்போனாள்.

"கிராணியய்யா, மொத ஆளா வர்றவங்க பாலு எப்பவும் கம்மியாத்தான் காட்டும். செல்லாயி அக்கா மேல தப்பில்ல."

சின்னையா தானே குளிர்ந்தது, சூடானது என இரண்டு தண்ணீரிலும் அளந்து பார்த்தார். "சரிலா. அவ இருக்கட்டும்."

சேதி தெரிந்து வந்த செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப இருளாயி அக்கா? போன வருசம் தண்ணி கலந்துச்சுன்னு வேலைய விட்டு நிப்பாட்டுனாங்களே. தினமும் அதுதானே மொத ஆளு."

 அந்தக் கணக்கையும் எழுதியவள் நவமணிதான்.

"இப்ப எங்கக்கா இருக்காங்க?"

"ஈப்போவுல, சிலிபின்ல. வீட்டு வேல செய்யுதாம்."

அன்று மத்தியானமே நவமணி இருளாயியைத் தேடிச் சிலிபினுக்குப் பஸ் ஏறினாள்.