கொட்டகைக்குப் பின்னால் ஒரு துணிக்கொடி

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. அடுப்புப் பக்கம் இன்னும் இடமிருக்கிறது. நாரின் என்னும் மலையாற்றின் கரையில், எங்கள் ஊரில், ஒரு சாவு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். சிரிக்காத சாவு வீடு எந்த ஊரில் இருக்கிறது?

எசென் கம்பை ஊன்றி இடுப்பு வரை குனிந்து, "என்னப் பெத்த தாயே!" என்று அலறிக்கொண்டிருந்தான். முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்தின் வாசலில் அவன் நின்றான். உள்ளே, திரைக்குப் பின்னால் அவன் தாய் நாசிபா கிடந்தாள். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். புதிதாக ஒரு வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் எசென் குரலை உயர்த்த வேண்டும். அதுதான் முறை.

பக்கத்தில் நின்ற அண்டை வீட்டுத் துருஸ்பெக் அவன் காதருகே முணுமுணுத்தான்: "தொண்டைய மிச்சம் வை தம்பி. உன் மாமியார் ஊர்க்காரங்க இன்னும் வரல. பாலம் வரைக்கும் கேக்கலன்னா, இவன் அழவே இல்லம்பாங்க."

வந்த பெரியவர் ஒருவர் எசெனின் தோளைத் தட்டினார். "மகன்னா இப்படி இருக்கணும். கை கால் விழுந்த தாய மூணு குளிர்காலம் பூ மாதிரி வச்சிருந்தியே. பத்து ஊரு உன்னப் பேசுது."

எசென் கம்பை இன்னும் அழுத்தி ஊன்றினான். அவன் ஒரு நாள்கூடத் தாயைப் புரட்டிப் போட்டதில்லை. அது பெண்கள் வேலை. அவன் மனைவி அசில்கான் செய்தாள். அவளுக்கு இடுப்பு விட்டுப்போன பிறகு ஒற்றை ஆளால் புரட்ட முடியவில்லை. மகள் ஜிபார் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுக்கு இன்னொரு கையானாள்.

போன இலையுதிர் காலத்து ஊர்க்கூட்டம் அவன் கண்முன்னால் வந்து நின்றது. அன்று அசில்கான் எழுந்து நின்றாள். ஊர்த்தலைவர் கல்மாத்தை நேராகப் பார்த்தாள்.

"வாரத்துல ரெண்டு நாள் யாராவது வீட்டுக்கு வந்தாப் போதும், தலைவரே. அத்தையப் புரட்ட ஒரு கை. எம்பொண்ணு படிக்கப் போவா. எனக்கு மட்டும் கேக்கல. ஆத்துக்கு அந்தாண்ட பாத்மா புருஷனும் படுத்த படுக்கைதான்."

கல்மாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எசென் எழுந்துவிட்டான். "எங்கம்மாவப் பாத்துக்க ஊருகிட்டக் கையேந்துற நெலமைல நாங்க இல்ல. பொம்பள, அசதில உளர்றா."

ஆண்கள் தலையாட்டினார்கள். பேச்சு மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விட்டது. அன்று வீடு திரும்பும்போது அசில்கான் பின்னாலேயே நடந்தாள். வாசலில் தாயின் படுக்கைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. "இதெல்லாம் இங்க போடாத. ரோட்டுல போறவன் பாக்குறான்" என்றான் எசென். மறுநாளே கொடி, வெயில் எட்டிப்பார்க்காத மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனது.

இப்போது கல்மாத்தின் வண்டி வந்து நின்றது. எசென் குரலெடுத்தான். அதே நேரம் கூடாரத்துக்குள் அசில்கானின் குரல் எழுந்தது. எங்கள் ஊரில் ஒப்பாரியை யாரும் இடையில் நிறுத்தக் கூடாது. தலைவரானாலும் தொப்பியைக் கழற்றி நின்று கேட்க வேண்டும்.

"பேரெடுத்துச் சொல்லாத பெரியதாயி மாமியாரே,
முதுகெல்லாம் புண்ணாச்சே, மெல்லப் பொரட்ட ஆளில்லையே!
ஒத்தக் கை போதலன்னு ஊருசபை ஏறி நின்னேன்,
கேட்ட வாயப் பூட்டிப்புட்டுக் கெவுரவத்தக் காத்தாங்களே!
ஏடெடுக்கும் பிள்ளையத்தான் ஏனம் கழுவ வச்சேனே,
ஆத்துக்கு அந்தாண்ட அழுகுரலும் கேக்கலையோ!"

பூட்டியது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. துருஸ்பெக் தன் பூட்ஸையே பார்த்தான். தோளைத் தட்டிய பெரியவர் தாடியைத் தடவினார். கல்மாத் தொப்பியைக் கையில் பிடித்து, கடைசி வரி வரை அசையாமல் நின்றார்.

"தம்பி, அழு" என்றான் துருஸ்பெக் மெதுவாக. எசென் அழாமல் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

எங்கள் வழக்கப்படி, அடக்கத் தொழுகைக்கு முன்னால் மகன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்டான்: "எங்கம்மா எப்படிப்பட்டவங்க?"

"நல்லவங்க!" என்றது கூட்டம்.

"மகனும் நல்லவன்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இல்லை என்று சொல்ல எசென் வாயைத் திறந்தான். தொழுகை தொடங்கிவிட்டது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். கொப்பரையில் துக்க விருந்துக்கான குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. எசென் கூடாரத்துக்குப் போகாமல் கொட்டகைக்குப் பின்னால் போனான். தாய் போன அன்று காலையில் துவைத்த துணிகள் பலகை போல உறைந்து தொங்கின. ஜிபார் அவற்றை அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள்.

"இதோ எடுத்துர்றேன்ப்பா. யாரும் பாக்கல."

அவன் துணிகளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். கொடிக்கயிற்றையும் அவிழ்த்தான். முன்வாசலுக்கு வந்து, வண்டிகள் நின்ற இடத்துக்கு எதிரே, கேட் கம்பத்துக்கும் ஆப்பிள் மரத்துக்கும் இடையே கயிற்றைக் கட்டினான்.

"அப்பா, தலைவர் இன்னும் போகல. பாக்குறாரு."

"பாக்கட்டும்."

கறை முழுதும் போகாத துணிகள். ஒவ்வொன்றாகப் போட்டான். போடத் தெரியவில்லை, கோணிக்கொண்டு தொங்கின. கல்மாத் அருகில் வந்தார்.

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வா எசென். பாத்மா வீட்டுக்கு ஆள் அனுப்புறது பத்திப் பேசலாம்."

"எங்கிட்ட வேணாம் தலைவரே. அவகிட்டச் சொல்லுங்க."

தேநீர்க் கெண்டியோடு வந்த அசில்கான் அப்படியே நின்றாள். துணிகளைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. கெண்டியைத் தரையில் வைத்தாள். கோணலாகத் தொங்கிய ஒரு துணியின் நுனியைப் பிடித்து இழுத்து, வெயில் முழுதாகப் படும்படி நேராக்கினாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் படுத்தவரைப் புரட்ட எப்போதும் இன்னொரு கை இருக்கட்டும். உங்கள் வீட்டுத் துணிகள் வெயிலில் காயட்டும்.