பதினாலு கிலோ பூண்டு

கிளைவ் ரட்கினுக்குப் பூண்டு ஆகாது. ஒரு பல் உள்ளே போனாலும் வயிறு உப்பிக்கொண்டு உயிரை வாங்கிவிடும். அப்படிப்பட்ட மனிதர் டிசம்பர் தொடக்கத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஒரு கிலோ பூண்டு வாங்கினார். காரணம் பூண்டு அல்ல, அதை விளைவித்து விற்ற வெர்னா. பேச வேண்டுமானால் வரிசையில் நிற்க வேண்டும், நின்றவர் எதையாவது வாங்கித்தானே ஆக வேண்டும்? கால் கிலோ நிறுக்கும் நேரத்தில் ஒரு வணக்கம் சொல்லலாம், அவ்வளவுதான். ஒரு கிலோ என்றால் மழை, வெர்னாவின் நாய், மெல்போர்ன் டிராம்களின் சீரழிவு எல்லாவற்றையும் ஒரு சுற்று பேசிவிடலாம். போதாததற்குப் பின்னால் நிற்பவர்களிடமும், "இந்த மாதிரி பூண்டு எங்கயும் கிடைக்காது, கொஞ்சம் கூடுதலாவே வாங்கிக்குங்க" என்று வேறு அளந்துவிடுவார்.

பதினாலாவது வாரம் வெர்னா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த சனியோட சரி, அப்புறம் நான் வரமாட்டேன் கிளைவ். எப்பவும் மே மாசம் வரைக்கும் தாங்கும். இந்த வருஷம் யார் கண்ணு பட்டுதோ, மடமடன்னு தீர்ந்துபோச்சு."

பள்ளிக்கூட மைதானத்தில் கூடும் அந்த உழவர் சந்தையின் சட்டம் அப்படி. சொந்த நிலத்தில் விளைந்ததைத்தான் விற்கலாம். தீர்ந்துவிட்டால் அடுத்த அறுவடை வரை கடை கிடையாது. அதாவது இனி டிசம்பர்தான்! எந்தப் பாவி இப்படி வாங்கித் தீர்த்தான் என்று பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்த கிளைவ், பையை வைக்கத் துணி துவைக்கும் அறையின் அலமாரியைத் திறந்தார். மற்ற பதின்மூன்று பைகளும் அவரைப் பார்த்தன.

வெர்னாவின் நிலம் மொத்தமே ஒரு டென்னிஸ் மைதானம் அளவுதான். இரண்டு வாரச் சரக்கு இந்த அலமாரியில் கிடந்தது; இவர் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனது தனி. தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டதை நினைத்து மனிதர் வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, எட்டு மணி அடிக்கும் முன்பே பதினாலு பைகளையும் ஏற்றிய தள்ளுவண்டியுடன் வந்துவிட்டார். மணி அடிக்கும்வரை யாரும் விற்கக் கூடாது என்பதால் வரிசை மட்டும் நின்றது. வெர்னா காபி வாங்கப் போன நேரம் பார்த்து, கிளைவ் கடைக்குப் பின்னால் புகுந்து கூடையில் பூண்டைக் கொட்ட ஆரம்பித்தார். கூடை நிறைந்தால் வெர்னா அடுத்த வாரமும் வருவார் அல்லவா? இதுதான் அவருடைய மகா திட்டம்.

"கிளைவ், என்ன கொட்டறீங்க?"

சந்தையின் மேலாளர் லிண்டல். ஈ புகுந்தாலும் கண்டுபிடிக்கிற பெண்.

"பூ... பூண்டு."

"வெளிச்சரக்கா? வெர்னா, இது கமிட்டிக்குப் போனா உங்க இடமே போயிடும். அடுத்த வருஷமும் கிடையாது."

காபியும் கையுமாகத் திரும்பிய வெர்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா!"

வாயைத் திறந்தால் கிளைவின் மானம் போகும், திறக்காவிட்டால் வெர்னாவின் கடை போகும். கிளைவ் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெளிச்சரக்கு இல்ல. வெர்னாகிட்ட நான் வாங்கினதுதான். டிசம்பர்லேர்ந்து."

லிண்டல் பைகளைப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் வெர்னாவின் கையெழுத்தில் தேதி இருந்தது.

"இவ்ளோவுமா? ஒண்ணுகூடவா சமைக்கல?"

"எனக்குப் பூண்டு ஒத்துக்காது."

"ஒத்துக்காததை எதுக்குங்க வாராவாரம்..." என்று ஆரம்பித்த வரிசைக்காரப் பெண்மணி ஒருவர், "ஓஹோ!" என்று முடித்தார். அந்த ஓஹோ கடைசி உருளைக்கிழங்குக் கடை வரை போனது.

"நின்னு பேசணும்னுதான்" என்றார் கிளைவ், தன் செருப்பிடம்.

"வித்த சரக்கைத் திரும்ப விக்க முடியாது, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, லிண்டல் உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாக நகர்ந்தாள். சிரிப்பதற்கு ஒரு மறைவான இடம் தேவைப்பட்டது போலும்.

வெர்னா சிரிக்கவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? எட்டு வருஷமா கட்டிக் காத்த கடை, ஒரு நிமிஷத்துல போயிருக்கும். பேசணும்னா பேச வேண்டியதுதானே? நான் என்ன, நிறுத்துப் பார்த்தா பேசறேன்?"

கிளைவ் பைகளை வண்டியில் அடுக்கினார். இனி டிசம்பரிலும் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று தோன்றியது. அழுகையாக வந்தது.

வெர்னா காபியை ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு.

"ஏப்ரல்ல நடவு" என்றார், தராசைத் துடைத்தபடி. "நாலாயிரம் பல்லு. ஒவ்வொண்ணையும் குனிஞ்சு கையாலதான் ஊணணும். பேச ஆளில்லாம ரெண்டு வாரம் ஆகும். உங்க முதுகு எப்படி?"

முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டி நொந்துபோன முதுகு அது. காலையில் காலுறை மாட்டவே கட்டிலைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் மல்லுக்கட்டுவார்.

"முதுகா?" என்று நிமிர்ந்தார் கிளைவ். "அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு ஞாபகம் வர்றதில்ல."