முழு ஆஜர்

மற்றவர்களுக்கு மூச்சை அடக்கக் கற்றுக்கொடுக்கிற மஹாலக்ஷ்மிக்குத் தன் காலை அடக்கி ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் அது ஊரறிந்த விஷயம். விடிகாலையில் வீட்டு மொட்டைமாடியில் நாலு பெண்களைச் சவாசனத்தில் கிடத்தி, "பைய... பைய மூச்சை விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போவாள். பாலைக் காய்ச்சி, துணியை நனைத்து, வாசலில் கீரைக்காரியோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு மேலே வருவாள். அதற்குள் இரண்டு பேர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள்.

நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்யாணம் என்று ஒன்று கூடிவரவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. வீணை, இந்திப் பரீட்சை, தையல் மிஷின், வீட்டில் ஊறுகாய் வியாபாரம் என்று எதைத் தொட்டாலும் ஆறு மாசம் தாங்காது. "மஹா ஆரம்பிச்சா ஊரையே கூட்டுவா. முடிக்கற அன்னிக்கு அவளைத் தேடணும்" என்று அண்ணன் ஸ்ரீவத்ஸன் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் பற்றி எரியும்.

அந்த ஸ்ரீவத்ஸன்தான் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இவளை இதில் இழுத்துவிட்டான். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், கார்த்திகை மாசம். அவனும் சிநேகிதர்களும் இன்டர்நெட்டில் ஒரு யோகாக் கூட்டம் தொடங்கியிருந்தார்கள். வாத்தியார் எட்டிப் பார்க்காத இடங்களுக்கு ஈமெயிலில் பாடம் போகும். அங்கே இருப்பவர்கள் செய்து பார்த்து எழுதுவார்கள். எங்கோ பனிக்காட்டில் ஒருத்தர், நடுக்கடல் தீவில் ஒருத்தர் என்று எல்லாரும் ஒரே குடும்பமாம். "உன் பக்கத்தில் அப்படி ஏதாவது இடம் உண்டா?" என்று கேட்டிருந்தான்.

உண்டாவா? மணிமுத்தாறுக்கு மேலே மலை நெடுக இருக்கிறதே! கருமுகடு எஸ்டேட் ஆபீசில் போனும் கம்ப்யூட்டரும் இருந்தன. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தேயிலை பறிக்கிற பெண்கள் இருந்தார்கள். பொழுதுக்கும் சரிவில் குனிந்து நிற்கிற அந்த இடுப்புகளுக்கு இல்லாத யோகா வேறு யாருக்கு? மஹாலக்ஷ்மி அன்றைக்கே மானேஜருக்குக் கடிதம் போட்டாள். அவர் "தாராளமாகச் செய்யுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு, விஷயத்தை ஹெட் கிளார்க் கிருபைராஜ் தலையில் கட்டிவிட்டார்.

அதற்கப்புறம் அவள் பாடு ஓட்டமும் நடையும்தான். பள்ளிக்கூட மணி அடித்ததும் பஸ் பிடித்துத் திருநெல்வேலி ஜங்ஷன் போவாள். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஷேக் மைதீன் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். லைன் கிடைப்பதற்குள் இவள் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடையாய் நடப்பாள்.

"டீச்சரம்மா, நீங்க நடக்குற நடைக்கு பாடத்தைக் கையிலயே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்திரலாம். சித்த உக்காருங்க" என்பார் அவர்.

உட்காருவதாவது! இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழைத் தட்டுவாள். எந்தக் காலை மடக்குவது, எப்போது மூச்சை இழுப்பது என்று விலாவாரியாக எழுதுவாள். கடைசியில், இருபது வருஷ டீச்சர் புத்தி சும்மா இருக்குமா, "ஒருவரும் தவறக் கூடாது. வந்தவர், வராதவர் விவரம் எழுதவும்" என்று தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

மறுநாள் கிருபைராஜிடமிருந்து பதில் வந்திருக்கும்: "இன்று முழு ஆஜர். ஆசனம் நடைபெற்றது."

ஒவ்வொரு நாளும் முழு ஆஜர். மலையில் மழை பிடித்துக் கொட்டிய வாரத்திலும் முழு ஆஜர். மாட்டுப்பொங்கலன்றும் முழு ஆஜர். மஹாலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் சிரிப்பை விட்டுவிட்டு முதன்முதலாக, "சாதிச்சுட்டே மஹா" என்று எழுதினான். கருமுகடைத் தங்கள் இன்டர்நெட் பக்கத்தில் முதலாவதாகப் போடப்போகிறார்களாம். இன்னும் நாலு எஸ்டேட் அவள் பொறுப்பில் விடப்போகிறார்களாம். அந்த ஒரு வரியைக் காகிதத்தில் அச்சடித்துத் தரச் சொல்லிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இதை மட்டும் விடக்கூடாது, செத்தாலும் விடக்கூடாது என்று இருந்தது அவளுக்கு.

ஷேக் மைதீன்தான் ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பெருநாள் தொழுகைக்கே எங்க தெருவுல ரெண்டு பேரு போர்வைக்குள்ள கெடப்பான், டீச்சரம்மா. அங்கன ஒருத்திக்குக் கூடவா ஒரு தலைவலி வரல?"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. அவளுடைய மாடியில் அந்த நாலு பேரும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வந்தது கிடையாது. மறுநாள் எழுதிக் கேட்டாள்: யாருக்காவது இடுப்புவலி குறைந்திருக்கிறதா?

பதில் வந்தது: "வலி குறித்துத் தகவல் இல்லை. முழு ஆஜர்."

இனி எங்கே இருப்புக்கொள்ளும்? சனிக்கிழமை மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மலை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, பஸ் அவளை எஸ்டேட் ஆபீஸ் முன்னால் இறக்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கொழுந்து நிறுத்துப் போட்டு முடிந்த நேரம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில் விசில் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். நிஜம்தான்! வரிசை வரிசையாகப் பெண்கள், இடுப்பில் கட்டிய சாக்கோடு ஒற்றைக் காலில் நின்றார்கள். இவள் வியாழக்கிழமை அனுப்பிய விருட்சாசனம். ஒருத்தி பாக்கியில்லை. சந்தேகப்பட்டோமே, சீ, என்று மஹாலக்ஷ்மி தன்னையே திட்டிக்கொண்டாள்.

கிட்டே போனபிறகுதான் முகங்கள் தெரிந்தன. எவளுக்கும் முகத்தில் உயிரில்லை. அட்டை கடித்த கெண்டைக்காலில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. களத்து ஓரத்தில் பிள்ளைகள் பசியில் சிணுங்கிக்கொண்டு அம்மாமார்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில் தலையைச் சுற்றித் துண்டு கட்டிய ஒருத்தி, காய்ச்சலில் உதடு நடுங்க, ஊன்றிய கால் தடுமாறித் தடுமாறி நின்றாள்.

குடையும் கையில் தாளுமாக நின்ற கிருபைராஜ் இவளைக் கண்டதும் ஓடிவந்தார். முகமெல்லாம் பல். "வாங்க டீச்சர்! பாத்தியளா, ஒரு ஆளு கொறையுதா?"

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்தம்மாவுக்குக் காய்ச்சல் போலிருக்கே சார். ஏன் நிறுத்திவெச்சிருக்கேள்?"

"ஆறுமுகத்தாயா? ரெண்டு நாளாக் காய்ச்சல். நீங்கதான எழுதியிருந்திய, ஒருத்தரும் தவறக் கூடாதுன்னு? காலையில பெரட்டுலயே வாசிச்சிட்டேன். சாயங்காலம் இதுக்கு நிக்காதவளுக்கு அன்னைக்குப் பேரு கெடையாது."

பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை.

"ஐயோ! அது ஆர்டர் இல்லையே சார். பிடிச்சவா செய்யட்டும்னுதானே அனுப்பினேன்?"

கிருபைராஜ் விழித்தார். கேலியெல்லாம் இல்லை, மனுஷனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "ஆர்டர் இல்லாத காயிதம் எங்க ஆபீசுக்கு எதுக்கு டீச்சர் வருது?"

மஹாலக்ஷ்மிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. களத்தின் நடுவில் போய் நின்று உரக்கச் சொன்னாள். "காலைக் கீழே போடுங்கோம்மா. இது கட்டாயமில்லை. இஷ்டம் இருக்கறவா இருங்கோ, இல்லாதவா வீட்டுக்குப் போகலாம்."

கால்கள் இறங்கின. ஆனால் ஒருத்தியும் நகரவில்லை. எல்லார் கண்ணும் கிருபைராஜ் மேல் இருந்தது.

"நீங்க சொல்லுங்கோ சார்."

அவரும் சொன்னார். "இஷ்டம் உள்ளவங்க நில்லுங்க. போறவங்க போகலாம்." அப்போதும் யாரும் அசையவில்லை. போகிறவளை எவனாவது எழுதிவைப்பான், நாளைக்குக் கூலியை வெட்டுவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்தில் இந்தக் களத்தில் இஷ்டம் என்று ஒன்றை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வகுப்பு என்று ஒன்று இருக்கிற வரைக்கும் இவர்கள் நிற்பார்கள். கைப்பைக்குள் அண்ணனின் ஒரு வரி இருந்தது. இனி அவன் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான். பெற்ற பிள்ளையைக் கையால் கொடுப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"வகுப்பு ரத்துன்னு வாசிங்கோ சார்," என்றாள். "ஆர்டர் மாதிரியே வாசிங்கோ."

கிருபைராஜுக்கு இப்போது விளங்கியது. நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, கணீரென்று அறிவித்தார். "ஆசன வகுப்பு இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது. அனைவரும் கலைந்து செல்லலாம்."

அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கினவள், குடத்துக்கு ஓடினவள், விறகுக்கு ஓடினவள் என்று களம் கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிட்டது. மஹாலக்ஷ்மி சாரலில் அப்படியே நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆறுமுகத்தாய் மட்டும் பைய நடந்து கிட்டே வந்தாள். "நாளைக்கும் கெடையாதுலா தாயி?"

"கிடையாதும்மா."

"இனிமே எப்பமுமே கெடையாதா?"

"எப்பவுமே கிடையாது."

அவள் காய்ச்சல் கையால் மஹாலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும். எந்தக் கட்டையில போறவ இதை ஆரம்பிச்சாளோ, தெனமும் ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு அவளைத்தான் வைஞ்சுக்கிட்டுக் கெடந்தோம்."

"அது நான்தாம்மா."

ஆறுமுகத்தாய் சட்டென்று கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இவளை மேலும் கீழும் பார்த்தாள். அழுகிற முகத்தைப் பார்த்தபிறகு அவளுக்கே மனசு இளகியிருக்க வேண்டும்.

"சரி, விடுங்க," என்றாள். "இனிமே வையமாட்டோம்." தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு லைன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.