சாகாத வேடம்

சபாரத்தினம் பாரிசில் இருந்த காலத்தில், நடித்து அவர் சாகாத படமில்லை. கறுத்த மனுசன் ஒருவன் கதைக்குள் வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் அவனை உயிரோடு வைத்திருக்க அந்தச் சினிமாக்காரர்களுக்குத் தெரியாதோ என்னவோ. பூ விற்கிறவராக வந்து குத்துப்பட்டார். கோப்பை கழுவுகிறவராக வந்து வெடிபட்டு விழுந்தார். ஒரு படத்தில் தொடக்கத்திலேயே ஆற்றில் பிணமாக மிதந்தார். மிச்சப் படம் அவர் இல்லாமலே நன்றாக ஓடியது.

இவற்றில் ஒன்றைக்கூட அவர் மனைவி சரோஜாதேவி பார்த்ததில்லை. புருசனைப் பிணமாகப் பார்க்க எந்தப் பெண்சாதி டிக்கெட் எடுத்துப் போவாள் என்பது அவள் கட்சி. நடிப்புத்தானே என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. மகளோடு இருக்கவென்று ஆக்லாந்து வந்து, பிளாக்ஹவுஸ் பேயில் குடியேறிய பிறகும் அந்தக் குறை மனதில் கிடந்தது. யார் கைதட்டி என்ன, பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லையே.

போன வருடம் அவருக்குப் பழக்கமான பிரெஞ்சு இயக்குநர் ஒருத்தி படம் எடுக்க ஆக்லாந்துக்கே வந்தாள். பென்ரோஸில் ஒரு கிடங்கைப் பிடித்து அதை உணவகமாக மாற்றினார்கள். உணவக முதலாளி வேடம் சபாரத்தினத்துக்கு. இருந்திருந்து கிடைத்த பெரிய வேடம். வழக்கம்போல, கடைசியில் மாரடைப்பு.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு இயக்குநரிடம் வாய் திறந்து கேட்டார். இந்த முறை மட்டும் தன்னைச் சாகவிட வேண்டாம் என்றார், காரணத்தையும் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு யோசித்து, அவருடைய சாவை எடுத்து, கதையில் அவருக்கு மனைவியாக வருகிறவளிடம் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சரோஜாதேவியிடம் பாதியை மட்டும் சொன்னார்.

"இஞ்சேரும், இந்தப் படத்திலை நான் சாகேல்லை."

"உண்மையாவோ?"

"ஓம். கடைசி மட்டும் இருக்கிறன்."

"அப்ப நான் வாறன்."

படம் வந்த அன்று சரோஜாதேவி கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரிப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்தாள். அவர் திரையில் தோன்றும் போதெல்லாம் மற்றப் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரை முழங்கையால் இடித்தாள். சபாரத்தினத்துக்குச் சந்தோசம் நெஞ்சு கொள்ளவில்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மனைவி கட்டிலில் கிடக்கிறாள், மூச்சு அடங்குகிறது, அவர் பக்கத்தில் இருக்கிறார். நடித்தபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, தொழில்தானே. இப்போது சரோஜாதேவி அருகில் இருக்க, அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன கண்ணை மூடுறியள்?"

"பாக்க ஏலாமக் கிடக்கு, சரோ."

"நல்லாத்தானே நடிச்சிருக்கிறியள். பூவோடையும் பொட்டோடையும் போறாள், குடுத்து வச்சவள்."

அவள் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. முப்பது வருடமாக அவள் ஏன் ஒரு படமும் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"அடுத்த படத்திலை நானே சாகிறன்."

"அப்ப நான் வரமாட்டன்," என்றாள், கையை எடுக்காமல்.