இருபத்து மூன்று பேர் பார்த்த வீடு

வீடு பார்க்க ஆட்கள் வரும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்று தரகர் அவளிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். பகலானாலும் விளக்கு எரிய வேண்டும். குளியலறை வாளிகள் கண்ணில் படக் கூடாது. விலையைப் பற்றி அவள் வாயே திறக்கக் கூடாது. சுண்டுவிரலுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"கடைசியா ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஐயாவ யார் கண்ணுலயும் காட்ட வேணாம். படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சா, உங்களுக்கு அவசரம்னு மோப்பம் பிடிச்சிடுவாங்க. அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க."

"அவர எங்க வைக்கச் சொல்றீங்க? கட்டிலோட மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போகவா?"

"தூக்கவே வேணாம். ரூம வெளியில பூட்டிடுங்க. ஸ்டோர் ரூம்னு நான் சமாளிச்சுக்கறேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குப் பழகிய வேலை.

உள்ளே படுத்திருந்த அவள் கணவர் நாற்பது வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். எந்தச் சுவரைக் கண்டாலும் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அதனால் கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் மட்டக்கோல். இந்த வீட்டை அவரே நின்று, செங்கல் செங்கலாகத் தட்டிப் பார்த்துக் கட்டினார். வரிக்காக மனைவி பெயரில் பதிவு செய்தார். "பேரு உனக்கு, வீடு எனக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சுவரில் ஒரு ஆணி அடிக்க அவளுக்கு உரிமை கிடையாது. ஒரு தடவை, காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடித்தாள். அன்று அவர் அவள் விரல்களைச் சுவரோடு வைத்து அழுத்திய அழுத்தில் ஒரு நகம் கறுத்து விழுந்தது.

போன வருடம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. இடக்கையும் இரண்டு காதுகளும் மிச்சம். "நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொண்டையிலிருந்து ஒரு உறுமல் மட்டும் வரும். இனிமேல் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருந்து பார்த்துக்கொள்ளும் இடத்தில் சேர்ப்பதுதான் வழி, அதற்கு வீட்டை விற்க வேண்டும் என்று வெளியூரில் இருக்கும் மகளும் சொல்லிவிட்டாள்.

முதலில் வந்தது ஒரு கணவன் மனைவி. அந்தப் பெண் பூட்டிய கதவைக் காட்டி, "இது என்ன ரூம்?" என்று கேட்டாள். தரகர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உறுமல் வந்தது.

"மோட்டார் மேடம்" என்றார் தரகர், முகம் மாறாமல். "பழைய மோட்டார். ஓடினா இப்படித்தான் சத்தம் போடும். நீங்க மாத்திக்கலாம்."

அவர்கள் போன பிறகு அவள் கதவைத் திறந்தாள். படுக்கை நனைந்திருந்தது. மட்டக்கோலின் கண்கள் சிவந்து அவளையே குத்திக்கொண்டிருந்தன. அந்தப் பார்வை அவளுக்கு அத்துப்படி. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று உடம்புக்கே தெரியும். கை தானாக முகத்தை மறைக்க எழுந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் நின்றாள். எதுவும் வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஈரத் துணியை மாற்றாமல், வெகு நேரம் அந்தக் கண்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தரகரிடம் போனில் சொன்னாள். "இனிமே பூட்ட வேணாம். அந்த ரூமையும் காட்டுங்க."

"அம்மா, மனசு கேக்கலைன்னு புரியுது. ஆனா..."

"மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. காட்டுங்க."

அடுத்து வந்தவர் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர். வாசலில் குனிந்து காலணியைக் கழற்றப் போனார். "அப்படியே வாங்க சார்" என்று அவள் தடுத்தாள். மழை பெய்து விட்டிருந்தது. அவர் சேற்றுக் காலோடு கூடத்தையும் சமையலறையையும் பார்த்த கையோடு, மட்டக்கோலின் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

"இவர்தான் கட்டினவர். குறை ஏதாவது இருந்தா இவர்கிட்டயே சொல்லுங்க. நல்லா காது கேக்கும்."

தலைமை ஆசிரியர் நெளிந்தார். "குறைன்னு இல்ல... சமையலறைதான் கொஞ்சம் இருட்டா இருக்கு."

"கேட்டுச்சா?" என்று அவள் கட்டில் பக்கம் குனிந்தாள். "சமையலறை இருட்டாம். நான் சொன்னப்ப என்ன சொன்னீங்க? கண்ண டாக்டர்கிட்ட காட்டுன்னு சொன்னீங்க."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு யோசனையே இல்லை. வீடு பார்க்க வருகிறவர்களுக்காகக் காலையிலேயே தலை வாரிக் காத்திருந்தாள். வாரத்துக்கு இரண்டு பேர், சில வாரம் மூன்று பேர். ஒருவர் கூடம் குறுகல் என்றார். ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தரை ஓடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள். அவர்கள் சொன்னதை எல்லாம் அவள் மனத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது ஒவ்வொரு கரண்டிக்கும் ஒன்றாகச் சொன்னாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டால் கரண்டியோடு காத்திருந்தாள். பசி வந்ததும் வாய் திறக்கும். திறந்ததும் அடுத்ததைச் சொன்னாள்.

ஒரு வியாபாரி, "சுவர் உறுதியா இருக்குமா?" என்று கேட்டார். அவள் சுத்தியலையும் நாலங்குல ஆணியையும் கொண்டுவந்து கொடுத்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

"சும்மா அடிச்சுப் பாருங்க."

"எதுக்கும்மா, சுவர் வீணாப் போயிடும்..."

"பரவாயில்ல. ஐயாவுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. இல்லையா?"

ஆணி லேசில் இறங்கவில்லை. நாலாவது அடியில் பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. மட்டக்கோல் இடக்கையால் கட்டில் சட்டத்தை அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பகலில் வரும் நர்ஸ் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டாள். அவள் துடைப்பம் எடுக்கப் போய்விட்டாள்.

மூன்றாவது மாதத்தில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்த பெண் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினாள். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு கதவு கூடப் பிடிக்கவில்லை, முனகவில்லை. அந்தப் பெண் தானாகவே மட்டக்கோலின் அறைக்குள் வந்து, அவருடைய இடக்கையைத் தொட்டாள்.

"ஐயா, ரொம்ப அழகா கட்டியிருக்கீங்க. நாங்க இத அப்படியே வச்சுக்குவோம். ஒரு கல்ல கூட மாத்த மாட்டோம்."

மட்டக்கோலின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. முகம் இளகியது. அவள் திருமணமான நாளிலிருந்து அந்த முகத்தை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

கேட்ட விலையைக் குறைக்காமல் தருவதாக மறுநாளே அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அவள் முடியாது என்றாள். தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தேடி வந்து கொடுக்கறாங்க, துரத்தி விடறீங்களேம்மா! வேற என்ன வேணும் உங்களுக்கு? சொன்னாத்தானே நான் ஆள் பிடிக்க முடியும்?"

அவள் சற்று யோசித்தாள். "வீடு வேணாம், மனை போதும்னு சொல்ற ஆள் யாராவது இருக்காங்களா?"

இருந்தார். பக்கத்துத் தெருவில் கிடங்கு வைத்திருப்பவர். லாரி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அளவு நாடாவோடு வந்து, வெளியிலேயே நாலு பக்கமும் அளந்துவிட்டு, திரும்பிப் போகப் பார்த்தார். அவள் உள்ளே கூப்பிட்டாள்.

"உள்ள பாக்க என்னம்மா இருக்கு? எனக்கு மனைதான் கணக்கு."

"அதை உள்ள வந்து சொல்லுங்க. அப்பத்தான் பத்திரத்துல கையெழுத்து."

கிடங்குக்காரர் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நல்ல மனிதர்தான். தரகரைப் பார்த்தார். தரகர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. வாங்கி என்ன செய்யப் போறீங்க?"

"அது... இடிச்சிட்டு... வண்டி நிறுத்தறதுக்கு..."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரே நாள் வேலைம்மா. ஒரு நாள்ல தரைமட்டம்."

உறுமல் வந்தது. அது நிற்கவே இல்லை. கிடங்குக்காரர் வெளியே போய், தெருவைத் தாண்டிய பிறகும் அது கேட்டது. நர்ஸ் மட்டக்கோலைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் தடவிக்கொண்டே, மறு கையால் மகளுக்குப் போன் செய்தாள்.

மகள் மறுநாள் வந்தாள். பையைக் கூட இறக்கி வைக்காமல், எதிர்ச் சுவரில் இருந்த ஆணியையும் பெயர்ந்த பூச்சையும் பார்த்தாள். அம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

"நர்ஸ் சொன்னது எல்லாம் உண்மையா?"

"உண்மைதான். நீயும் அனுபவிச்சவதானே? உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

"எனக்கு அவர் மேல பாசம் கிடையாதும்மா. அது வேற. படுத்துக் கிடக்கற மனுஷன இப்படி வதைக்கறது வேற."

"உங்க மாமா மழையில வாசல்ல நின்னான்டி." அவள் குரல் உடைந்தது. "வீட்டுக்குள்ள தண்ணி புகுந்து, பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிட்டு அக்கான்னு வந்தான். என் வீடு என்ன சத்திரமான்னு இந்த மனுஷன் கேட்டான். அப்படியே திரும்பிப் போனவன்தான். செத்ததுக்குக் கூட என்னைப் போக விடல."

மகள் அம்மாவை நேராகப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு எட்டு வயசு. அப்பா அதைச் சொல்லிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துட்டார். மாமா அதுக்கப்புறமும் அரை மணி நேரம் வாசல்லயே நின்னார். நீ கதவுக்கு இந்தப் பக்கம் நின்ன."

"அவர் எழுந்து வந்திருப்பார்..."

"கதவு பூட்டல. தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டிருந்துச்சு. எனக்கு எட்டலம்மா. உனக்கு எட்டும்."

அவள் மகளை ஓங்கி அறைந்தாள். மகள் கன்னத்தைத் தொடவில்லை, அழவில்லை. கையில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவ்வளவு பாவமா இருந்தா உங்கப்பன நீ கூட்டிட்டுப் போ!" என்று அவள் பின்னாலேயே கத்தினாள்.

"மாட்டேன்" என்றாள் மகள். "என்னால முடியாது." அப்பாவின் அறைக் கதவருகே ஒரு கணம் நின்றாள். உள்ளே போகாமலே கிளம்பினாள். அன்று மாலை நர்ஸும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

பத்திரம் பதிவானது. வீட்டை ஒப்படைக்கும் காலையில்தான் ஆம்புலன்ஸ் வந்தது. கிடங்குக்காரர் அதற்கு முன்பே இடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மட்டக்கோலைத் தூக்கி வண்டிக்குள் ஏற்றியதும், டிரைவரிடம் அவள், எதிர் வரிசையில் வீட்டைப் பார்த்த மாதிரி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்கும்மா? தூசி வரும்."

"வரட்டும். பின் கதவு திறந்தே இருக்கட்டும். கொஞ்ச நேரம்தான்."

அவர் தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினாள். இயந்திரத்தின் இரும்புக் கை மேலே எழுந்து, முன் சுவரில் மோதியது. தூசி கிளம்பியது. அவள் வீட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூசி அடங்கியபோது சுவர் நின்றது. மறுபடி மோதியது. ஒரு விரிசல் மட்டும் விட்டது. மூன்றாவது தடவை இரும்புக் கைதான் துள்ளிப் பின்னால் வந்தது. இயந்திரம் ஓட்டியவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தார். விரிசலில் கையை வைத்துப் பார்த்தார். கிடங்குக்காரரைப் பார்த்து, தெருவே கேட்கும்படி கத்தினார்.

"யாருய்யா இத கட்டினது? இருபது வருஷமா இடிக்கறேன், இப்படி ஒரு சுவர நான் பாத்ததில்ல. ஒரு நாள்ல எல்லாம் ஆகாது. மூணு நாளாவது வேணும்!"

மட்டக்கோலின் இடப்பக்க உதடு மெல்ல மேலே போனது. உறுமல் வரவில்லை. கண் ஒளிர்ந்தது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தன் சுவரை நேர் பார்த்தார்.

"போகலாம்" என்றாள் அவள். "கதவ மூடுங்க."

டிரைவர் கதவை இழுத்தார். மூடவில்லை. மட்டக்கோலின் இடக்கை கதவு விளிம்பைப் பற்றியிருந்தது. இன்னும் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிய கை. அவள் குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு தானே கதவை அறைந்து சாத்தினாள்.

வீடு விழ ஐந்து நாள் ஆயிற்று என்றும், நடுவில் இயந்திரத்தின் பல் இரண்டு உடைந்தது என்றும் தரகர் பிற்பாடு போனில் சொன்னார். காப்பகத்தில் மட்டக்கோல் மேலும் பதினொரு மாதம் உயிரோடு இருந்தார். அவள் ஞாயிறுதோறும் போனாள். போகும்போதெல்லாம் அவர் கண்களால் எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார். என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கடைசி வரை அவள் சொல்லவில்லை.