பால்மேடையில் பதினான்கு கூடைகள்

வெந்தெலின் குருப்பட்டத்தை இழக்கவில்லை. கத்தோலிக்கக் குருவாகப் பணியாற்றக் கம்யூனிச அரசு தரும் அனுமதியைத்தான் இழந்திருந்தார். ஒன்பது ஆண்டுச் சிறைக்குப்பின் ஸ்லோவாக்கியக் கூட்டுப்பண்ணை ஒன்று அவருக்குப் பால் லாரி ஓட்டும் வேலை கொடுத்தது. குருவின் செயல் எதையேனும் செய்தால் மீண்டும் சிறை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார்கள்.

லாரி நிற்கும் ஏழாவது ஊர், அவர் பங்குச்சாமியாராக இருந்த ஊர். ஊரார் பால் கேன்களை வைக்கும் பால்மேடைக்கு எதிரிலேயே கோவில். அதன் கதவில் துருவேறிய பூட்டு. கேன்களை ஏற்றும் நேரத்தில் அந்தப் பூட்டைப் பார்க்காமலிருக்க அவர் முயன்றுவந்தார். முயற்சி ஒருநாளும் கைகூடவில்லை.

அன்று ஈஸ்டர் எனும் பாஸ்காவுக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை. சாமியார் தீர்த்தம் தெளிக்காத பாஸ்கா உணவில் அவ்வூரார் கைவைத்ததில்லை, வெந்தெலினைச் சிறைக்குக் கொண்டுபோகும்வரை. இப்போது கேன்களுக்கு நடுவே, பூவேலைத் துணியால் மூடிய பதினான்கு உணவுக் கூடைகள் இருந்தன. விதவை அப்போலோனா மட்டும் அருகில் நின்றாள்.

"என்னம்மா இது?"

"பொம்பளைங்க மறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்க, டிரைவரே."

"பதினாலு பேருமா?"

"பத்து வருசமா மந்திரிக்காத முட்டையத் தின்னா மறதி வராம என்ன செய்யும்?"

லாரியின் முன்னிருக்கையில் பால் சோதிக்கும் தோழர் ரிபாக் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வெந்தெலினைப் பற்றி வாரந்தோறும் மாவட்டக் கட்சி அலுவலகத்துக்கு எழுதுபவர் அவர், அதை மறைத்ததுமில்லை.

சிறையில் வெந்தெலின் ஏங்கியது ரொட்டிக்கு அல்ல. 'இத மந்திரிச்சுக் குடுங்க சாமி' என்று யாரேனும் எதையேனும் நீட்டும் நொடிக்கு. அது பதினான்கு கூடைகளாக வந்திருந்தது. ஆசி வழங்கக் கையை உயர்த்தினால் ரிபாக் காண்பார்.

கேன் கழுவும் வாளியை எடுத்தார். நீரின்மேல் விரல்நுனியால் சிலுவை வரைந்தார். கழுவும் தூரிகையை நனைத்து ஒரு கேன் மூடியைத் தேய்த்தார். பிறகு, எந்த ஓட்டுநரும் செய்வதுபோல, தூரிகையை உதறினார். வெள்ளைத் துணியில் துளிகள் விழுந்தன. உதடு பிரியாமல் செபம் ஓடியது. ஒரு மூடி, ஓர் உதறல். பதின்மூன்று கூடைகள் நனைந்தன.

"யோவ், வெந்தெலின்."

கை நின்றது. "சொல்லுங்க, தோழர்."

"அந்தக் கோடியில இருக்கிற மூடிய விட்டுட்டியே." செய்தித்தாள் தாழவில்லை.

கோடியில் கேன் எதுவுமில்லை. சிவப்புக் கரையிட்ட துணி மூடிய கூடை ஒன்றுதான் இருந்தது.

"அவரு வீட்டுக் கூடை" என்றாள் அப்போலோனா, தரையைப் பார்த்தபடி. "அந்தம்மாதான் மொதல்ல கொண்டாந்து வெச்சுது."

வெந்தெலின் அதன்மேல் மூன்று முறை உதறினார்.

லாரி கிளம்பியதும் ரிபாக் தாளை மடித்தார். "இந்த வாரம் எழுத ஒண்ணுமில்ல போல."

"பால் கெடலன்னு எழுதுங்க."

"அதத்தான் வாரா வாரம் எழுதுறேன்."

கண்ணாடியில் கோவில் கதவு சிறுத்துக்கொண்டே வந்தது. பூட்டு மறைந்தபிறகும் வெந்தெலின் அங்கேயே பார்த்தார். எட்டாவது ஊர்வரை, ஈரக் கையை அவர் துடைக்கவில்லை.