மாடிப்படி பிரிண்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூடத் துலக்காமல், சின்னவர் மாடிப்படித் திருப்பத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அணைத்தார், கொஞ்சம் காத்திருந்தார், மறுபடி போட்டார். அது ஒருமுறை உறுமி, வயிற்றுக்குள் எதையோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்துவிட்டு அடங்கியது. கையிலிருந்த போனில் அதே சொல்தான் நின்றது: ஆஃப்லைன். மூக்கு இடிக்கிற தூரத்தில் இருக்கிற ஒன்றை இல்லவே இல்லை என்று சாதிக்கிற போனை வைத்துக்கொண்டு மனுஷன் என்னதான் செய்வது?

"என்ன, வருதா?" மேலே வீட்டுக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"பசங்க இப்ப வந்துருவாங்க. கொஸ்டின் பேப்பரை நான் ஒவ்வொருத்தருக்கும் கையால எழுதிக் குடுக்கட்டுமா?"

அவள் மாடியில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. சின்னவர் பிரிண்டரை மறுபடி அணைத்துப் போட்டார். பதில் சொன்னால் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். கீழ் வீட்டில் போய்த்தான் முடியும்.

கீழ் வீட்டில் இருப்பது அவருடைய அண்ணன். தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியவர், இவர் சின்னவர். வீடு ஒன்று, தளம் இரண்டு, படிக்கட்டு பொது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மொத்தமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட காலத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்துபோய் இந்தப் பிரிண்டரை வாங்கிவந்தார்கள். அப்போது வைஃபை ஒன்றுதான், அது கீழே இருந்தது. மாடி வீட்டுச் சுவர்களைத் தாண்டி அது ஒழுங்காக வராது, படித்திருப்பம் வரைக்கும் நன்றாக வரும். அதனால் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு மேலே பிரிண்டரை வைத்தார்கள். யார் எதை அச்செடுத்தாலும் படிக்கட்டில் வந்து விழும், அந்தப் பக்கம் போகிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். பெரியவர் கீழே நின்றுகொண்டு, "டேய், உன் பேப்பர் வந்து கெடக்கு, என்ன கழட்டிக்கிட்டு இருக்க மேல?" என்று கத்துவார். அந்த "டேய்" தெருக்கோடி வரை கேட்கும். சின்னவருக்குத் தலை நரைத்த பிறகும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும்போது தனக்கு வயசு ஆகவில்லை என்று தோன்றும்.

அந்த டேய் நின்று நாளாகிவிட்டது. அப்பாவுக்கு வயிற்றில் அடைப்பு வந்தபோது பெரியவர் ஊரில் இல்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். போன் போகவில்லை. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார், சின்னவர் கையெழுத்துப் போட்டார். அப்பா அதற்கப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தபோது, பெரியவர் பொதுவாக யாரிடமோ சொல்வதுபோல, "நான் ஊர்ல இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்றார். சொல்லிவிட்டு உடைந்து அழுதார். எல்லோரும் அவரைத் தேற்றினார்கள். காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த சின்னவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு மாடியேறினார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

சின்னவர் வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில், விபத்துப் பிரிவில். எந்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தப்பு யார் மேல் என்று நாள் முழுக்க எழுதுவதுதான் உத்தியோகம். ஊரான் தப்பையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுகிறவருக்குத் தன் விஷயத்தில் மட்டும் பேனா ஓடவில்லை. கீழ் வீட்டு வைஃபையை விட்டு விலகி மாடிக்குத் தனியாக ஒரு இணைப்பு வாங்கினார். மின்சாரம் ஏற்கெனவே தனி, தண்ணீர் தனியானது, கேட்டுச் சாவிகூடத் தனியானது. பிரிண்டரை மட்டும் யாரும் தொடவில்லை. அதை எடுத்து உள்ளே வைத்தால் வைத்தவர்தான் பிரித்தவர் என்று ஆகிவிடும். அந்தப் பெயர் தனக்கு வேண்டாம் என்று இரண்டு வீடும் ஸ்டூலை ஒட்டினாற்போல ஒதுங்கி ஏறி இறங்கியது.

அப்போதுதான் அந்தச் சனியனுக்கு இந்த நோய் வந்தது. சின்னவர் அதை மாடி வைஃபையோடு இணைப்பார், இரண்டு நாள் சொன்னபடி கேட்கும். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். அவரும் செய்யாத வைத்தியம் இல்லை. பிரிண்டரை போனிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தார். ரூட்டரை ஜன்னலருகே வைத்தார், அலமாரி மேல் வைத்தார், வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டிப் பார்த்தார். வீடியோக்களில் யார் யாரோ சொன்னதையெல்லாம் நம்பி எண்களை மாற்றினார். சரியாகும், மறுபடி போகும். கீழ் வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே ஏதோ செய்கிறார்கள் என்றாள் மனைவி. "உங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லதான். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னது யாராம்?" என்பாள். சின்னவர் அண்ணனுக்காக வாதாடுவார். வாதாடி முடிக்கும்போது தனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். அது அவரைச் சித்திரவதை செய்தது.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை இங்க்காரரைக் கூப்பிட்டார்கள். இங்க் நிரப்புகிறவர், பிரிண்டர் ரிப்பேரும் பார்ப்பார், வாய் ஓயாது. வந்ததும் மாடிக்குப் போனார், மனைவியிடம் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டார், லேப்டாப்பை நோண்டினார், பிறகு படித்திருப்பத்துக்கு இறங்கி பிரிண்டரின் சின்னத் திரையில் அம்புக்குறி பட்டனை அழுத்தி அழுத்தி எதையோ தேடினார். சட்டென்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"சார், இதுக்கு ஒண்ணுமே இல்ல. இது கீழ் வீட்டு வைஃபைல இருக்கு."

"போன வாரம் நான் நம்ம வைஃபைலதானே போட்டேன்?"

"நீங்க போட்டீங்க. அவரு மறுபடி அவர்துல போட்டாரு. இது ஒரு நேரத்துல ஒரு வைஃபைதான் பிடிக்கும் சார். கீழ் வீட்டு சாரும் என்கிட்ட இதையேதான் சொல்லிப் புலம்புனாரு. பிரிண்டர் அடிக்கடி காணாம போவுது, எத்தனை தடவை சேத்தாலும் ஓடிப்போவுதுன்னு. அவரும் இதே எடத்துல உக்காந்து மாத்தி மாத்திப் போட்டிருக்காரு. அட, ஒரு வார்த்தை பேசிக்கிட்டிருந்தா முடிஞ்சிருக்குமே!"

அவர் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழ்க் கதவு திறந்தது. பெரியவர் பனியனோடு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடி வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். சின்னவரும் குனிந்து பார்த்தார். தான் முழங்கால் வலிக்க உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்த இதே படியில், தான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், அந்த மனுஷனும் கண்ணாடியை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சின்னவர் அண்ணன் மேல் இருந்த கோபத்தைத் தேடினார். இந்த நாள்களில் முதன்முறையாக அது கைக்கு அகப்படவில்லை.

"மெஷின்தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார் பெரியவர், இங்க்காரரைப் பார்த்து.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் சின்னவர், அவரும் இங்க்காரரைப் பார்த்து.

பெரியவருக்கு உதட்டோரம் துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "டேய், நான் இதைக் குப்பையில போடறதா இருந்தேன்டா!" என்றார். சின்னவரும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்க வெட்கமாக இருந்தது. மேல்படியில் வந்து நின்ற மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பார்த்தாள்.

"இப்ப எதுல போடட்டும்?" என்றார் இங்க்காரர்.

சின்னவர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் இரண்டு படி ஏறி வந்தார். "மேல் வீட்டுதுலயே போடுப்பா. பசங்களுக்குப் பரீட்சை நடக்குது, அவங்களுக்குத்தான் அவசரம். எங்களுக்கும் பாஸ்வேர்டைக் குடுத்துட்டா நாங்க அதுலயே வந்துக்கறோம். ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு?"

எப்போதும் தன் பேச்சுதான் செல்ல வேண்டும் என்று நிற்கிறவர், விட்டுக்கொடுத்தார். ஒரு வீட்டுக்கு என்று சொன்னார். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, பட்டியலில் மாடி வீட்டு வைஃபையைத் தொட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "சொல்லு" என்றார்.

சின்னவருக்கு அப்போதுதான் உறைத்தது. கூடத்திலிருந்து தட்டோடு போன அன்றைக்கு இருந்த எரிச்சல், புது ரூட்டர் வந்த நாளிலும் அவருக்கு ஆறியிருக்கவில்லை. பாஸ்வேர்டு வையுங்கள் என்று திரை கேட்டபோது யோசிக்கக்கூட இல்லை, மனதில் இருந்ததை அப்படியே தட்டினார். தட்டியபோது ஒரு வெறி அடங்கியதுபோலக்கூட இருந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது நாளாவட்டத்தில் வெறும் எழுத்தாகிவிட்டது, வீட்டுக்கு வருகிற யாருக்கும் கூசாமல் சொல்வார்கள். பிரிண்டரில் திரும்பத் திரும்ப அடித்து அவருக்குமே அதன் பொருள் மறந்துதான் போயிருந்தது.

"இருங்கண்ணா, அது ரொம்பப் பழசு. மேல போய் மாத்திட்டு வந்து சொல்றேன்."

"எதுக்கு மாத்தணும்? அப்புறம் உன் வீட்டுல எல்லா போன்லயும் மறுபடி போடணும். பசங்க வேற காத்திருக்காங்க. இருக்கறதையே சொல்லு."

"இல்லண்ணா, ஒரு நிமிஷம்..."

"என்கிட்ட இருக்கு சார்" என்றார் இங்க்காரர் உதவியாக. "அக்கா குடுத்தாங்க. நானும் பிரிண்டர்ல போட்டுக்கறேன், நீங்களும் கூடவே போட்டுக்குங்க." சின்னத் திரையில் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டே, கடைக்காரர் சாமான் கணக்குச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தார். "எல்லாம் சின்ன எழுத்துதான். ஏ. என். இன்னொரு என். ஏ. என்."

சின்னவர் மனைவியைப் பார்த்தார். அவள் கை தலைப்போடு அப்படியே நின்றிருந்தது. பெரியவர் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். விரல் தப்பியிருக்குமோ என்று பக்கத்திலிருந்த கண் படத்தைத் தொட்டு எழுத்தைத் தெரியவைத்துப் படித்தார்.

"அண்ணன்" என்றார்.

தலை நிமிர்ந்தது. அந்த முகத்தை எப்படிச் சொல்வது? மூத்தவர், பிடிவாதக்காரர், சுலபத்தில் இளகாதவர். அது மொத்தமும் கழன்று, பரிசு வாங்கக் கூப்பிட்ட பிள்ளையின் முகமாக இருந்தது. "அண்ணன்னாடா வச்சிருக்க?" என்று கேட்டார்.

சின்னவர் இங்க்காரரின் தோளைத் தொட்டார்.

"இன்னும் இருக்கு சார்" என்றார் இங்க்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஐ. எல். இன்னொரு எல். ஏ. ஐ. அவ்ளோதான்."

பெரியவர் தட்டினார். ஒவ்வொரு எழுத்தையும், தப்பில்லாமல், நிதானமாகத் தட்டினார். அண்ணனில்லை. கடைசி எழுத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்குக் கீழிருந்த பட்டனை அழுத்தினார்.

"வந்துடுச்சு" என்றார்.

இங்க்காரருக்கு இப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று புரிந்திருக்க வேண்டும். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பைக்குள் வைப்பதில் முனைந்தார்.

"அண்ணா, அது அன்னைக்கு ஏதோ கோவத்துல..." என்றார் சின்னவர்.

"நல்ல பாஸ்வேர்டு. யாரும் கண்டுபிடிக்க முடியாது." பெரியவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குள் பிரிண்டர் விழித்துக்கொண்டு, தேங்கிக் கிடந்த எல்லாவற்றையும் துப்பத் தொடங்கியது. கேள்வித்தாள்கள், அதே கேள்வித்தாள்கள் மறுபடியும், யார் யாரோ எப்போதோ அனுப்பிக் கைவிட்ட பக்கங்கள். பெரியவர் குனிந்து அவற்றைப் பொறுக்கினார். வரிசை பார்த்து அடுக்கினார், ஓரங்களை ஸ்டூலில் தட்டிச் சமன் செய்தார், தம்பி கையில் கொடுத்தார். "பசங்க காத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

சாயங்காலம் சின்னவர் லேப்டாப்பில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாஸ்வேர்டை மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. மாற்றினால் அண்ணன் போனின் இணைப்பு அறுந்துபோகும். அறுந்ததும் அவர் என்ன நினைப்பார்? கேட்டு வாங்கிய மறுபொழுதே வெளியே தள்ளிவிட்டான் என்று நினைப்பார். மாற்றாமல் விட்டால், அவர் போன் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் இந்த வீட்டுக்குள் வர வேண்டும். கீழே போய்க் கதவைத் தட்டி, "புதுசு இதுண்ணா" என்று சொல்லலாம். ஆனால் எதை? கட்டத்தில் எதையெதையோ தட்டிப் பார்த்தார். அன்பாக ஏதாவது வைத்தால் வேஷமாக இருந்தது. வெறும் எண்களை வைத்தால், நடந்ததைப் பூசி மெழுகுகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்தார்.

"மாத்தித் தொலைங்களேன்" என்றாள் மனைவி. பிறகு, குரலைத் தாழ்த்தி, "நான் அந்த ஆள்கிட்ட சொன்னப்ப, அது என்ன வார்த்தைன்னே எனக்குத் தோணலைங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

அப்போது படித்திருப்பத்தில் பிரிண்டர் உறுமியது. மாடியிலிருந்து யாரும் எதையும் அனுப்பவில்லை. தாள் உள்ளே இழுபட்டு, சரசரவென்று வெளியே வந்தது. கீழ்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணனின் வெறுங்கால்கள் படியேறித் திருப்பம் வரை வந்தன. தாளை எடுக்கும் ஓசையும் கேட்டது. சின்னவர் மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கால்கள் இறங்கிப் போகவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை.